கணினிக் கேள்வி பதில்: லைப்ரரி மொழி மாறும்போது

போன இதழில் டைப்ஸ்கிரிப்ட் மொழியின் கம்பைலரை (நாம் எழுதும் நிரலைச் சரிபார்த்து மாற்றிக் கொடுக்கும் நிரல்) மைக்ரோசாஃப்ட் கோ மொழிக்கு மாற்றுவது பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எங்கள் ஆபீஸிலும் இதே வேலைதான் ஓடுகிறது’ என்ற ரகம். அதனால் இந்த இதழ் முழுக்க போர்ட்டிங்தான், அதாவது ஒரு மொழியில் எழுதிய நிரலையோ லைப்ரரியையோ (பல நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் பொதுக் கோட்) வேறு மொழிக்கு மாற்றுவது. பிரிண்டர், ஆன்டிவைரஸ் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், எங்கள் கம்பெனியில் தமிழ் உரையைக் கையாள பைத்தானில் ஒரு லைப்ரரி இருக்கிறது. எழுத்து பிரிப்பது, எண்ணுவது, அகரவரிசைப்படுத்துவது, தேடலுக்காகச் சொல் பிரிப்பது எல்லாம் அதில்தான். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சர்வர் எல்லாம் கோ மொழிக்கு மாறிவிட்டதால் இதையும் மாற்றச் சொல்கிறார்கள். முதல் ஃபைலைத் திறந்து வரிக்கு வரி மாற்ற ஆரம்பித்திருக்கிறேன். சரியான வழிதானா?
— கோவை வாசகர்

பதில்: வரிக்கு வரி மாற்றுவது சரிதான், ஆனால் அது இரண்டாவது வேலை. இப்போதைக்கு அந்த ஃபைலை மூடி வையுங்கள்.

முதலில் பழைய லைப்ரரி இன்றைய தேதியில் என்ன விடை கொடுக்கிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். டாக்குமென்டேஷனை நம்பாதீர்கள், எழுதியவர் போன பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சர்வர் லாகிலிருந்து நிஜமான உள்ளீடுகளை எடுங்கள்: பயனர்கள் தேடலில் தட்டிய சொற்கள், பாதி தமிழ் பாதி ஆங்கிலமாக வந்தவை, எமோஜி கலந்தவை, வெறும் ஸ்பேஸ், காலி வரி, வேர்டிலிருந்து காப்பி செய்து ஒட்டியதில் கண்ணுக்குத் தெரியாத குறிகளோடு வந்தவை. வெளியே தெரியும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இவற்றைக் கொடுத்து, வரும் விடையை ஜேசன் (எந்த மொழியும் படிக்கக்கூடிய டேட்டா வடிவம்) ஃபைலில் எழுதி வையுங்கள். எர்ரர் வந்தால் எர்ரர் வந்தது என்பதையும் எழுதுங்கள், அதுவும் ஒரு விடைதான். புதிய கோட் சரியா தப்பா என்று இனி அந்த ஃபைல்தான் சொல்லும், நீங்களோ உங்கள் மேனேஜரோ அல்ல. (ஒப்பிடும்போது இரண்டு ஜேசனையும் படித்துப் பிரித்த பிறகு ஒப்பிடுங்கள். நாம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் பைத்தான் தமிழ் எழுத்துகளை எண் குறியீடாக மாற்றித்தான் ஜேசனில் எழுதும், கோ அப்படி எழுதாது. ஃபைலை ஃபைலோடு ஒப்பிட்டால் எல்லா வரியும் தப்பு என்றுதான் வரும்.)

பழைய டெஸ்ட்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியவருக்கு எது எது தோன்றியதோ அதைத்தான் அவை சோதிக்கும், பயனர் அடிக்கும் கூத்தை லாக்தான் காட்டும்.

அடுத்தது ஸ்ட்ரிங், அதாவது உரை. உங்கள் லைப்ரரியில் பெரிய தலைவலி அங்கேதான் காத்திருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்று எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஜாவாஸ்கிரிப்ட்டும் 5 என்கிறது. ஸ்விஃப்ட் 3 என்கிறது, அது ஒன்றுதான் நம் ஊர்க் கணக்கு. கோ 15 என்கிறது, ஏனென்றால் அது எண்ணுவது பைட்டுகளை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 5 வர வேண்டிய இடத்தில் 15 வந்தால் உடனே கண்ணில் படும், அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ‘முதல் மூன்றை வெட்டு’ என்ற வரி இருக்கிறதே, அதைப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி, 3 என்று இரண்டு மொழியிலும் அந்த வரி ஒரே மாதிரிதான் எழுதப்படும். பைத்தானில் ‘தமி’ கிடைக்கும். கோ மொழியில் ‘த’ கிடைக்கும். எர்ரர் கிடையாது, உடைந்த குறி கிடையாது, பார்ப்பதற்கு லட்சணமான ஒரு தமிழ் எழுத்து. அதுவே நான்கு என்று வெட்டியிருந்தால் வெட்டு ஒரு குறியின் பைட்டுகளுக்கு நடுவில் விழுந்து, கறுப்பு டயமண்டுக்குள் கேள்விக்குறி வந்து, உங்களை எழுப்பி விட்டிருக்கும். மூன்றும் ஆறும்தான் ஆபத்து.

லைப்ரரிக்குள் நுழையும் இடத்திலேயே ஸ்ட்ரிங்கை ரூன் (ஒரு யூனிகோட் குறிக்கு கோ வைத்த பெயர்) வரிசையாக மாற்றிவிட்டு, உள்ளே முழுக்க அதிலேயே வேலை செய்து, வெளியே போகும்போது திரும்ப ஸ்ட்ரிங் ஆக்குங்கள். லூப்பில் ஸ்ட்ரிங்கையே நேராக ஓட்டினால் கோ ரூன் ரூனாகத்தான் தரும், ஆனால் கூடவே வரும் இன்டெக்ஸ் 0, 3, 6, 9, 12 என்று தாவும். பழைய கோட் அந்த இன்டெக்ஸை வைத்து ‘முந்தின எழுத்து என்ன’ என்று பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே ஒரு குழி.

அப்புறம் ‘கொ’. இது இரண்டு விதமாக வரும்: ககரமும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒப்பிட்டால் வேறு வேறு. பைத்தானில் இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி மொழியோடு வரும் லைப்ரரியிலேயே உண்டு. கோ மொழியில், அதை உருவாக்கும் குழுவே தனியாக வெளியிடும் பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பழைய கோடில் ‘நார்மலைஸ்’ என்று எங்காவது ஒரு வரி தனியாக நின்றால், தேவையில்லாத வரி என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் எழுதும் முறை) இருந்தால் இன்னும் வேடிக்கை. சொல்லின் எழுத்து என்பதற்குப் பின்சாய்கோடு போட்டு டபிள்யூ எழுதுவோமே, பைத்தானோடு வரும் லைப்ரரியில் அது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிக்காது. ‘தமிழ்’ என்பதைக் கொடுத்துச் சொல் பிரிக்கச் சொன்னால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு கொடுக்கும். கோ மொழியில் அதே குறி ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு தவிர எதையும் ஏற்காது, அதனால் ஒன்றுமே கிடைக்காது. உங்களுக்கு முன்னால் இருந்தவர் இதில் அடிபட்டு ஏதாவது சுற்றுவழி போட்டு வைத்திருப்பார், அது பார்க்க விநோதமாக இருக்கும், அப்படியே கொண்டுவாருங்கள். அவர் அடுத்து என்ன எழுத்து வருகிறது என்று முன்னோக்கிப் பார்க்கும் நிபந்தனைகளைப் பயன்படுத்தியிருந்தால் கோவின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் அது கிடையவே கிடையாது. அந்த இடங்களைக் கையால் எழுதத்தான் வேண்டும்.

அகரவரிசையில் ஒரு சின்ன விஷயம். யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்று வரிசை போகும், நம் வரிசை அதுவல்ல. அதனால் லைப்ரரியில் சொந்த வரிசை அட்டவணை ஒன்று இருக்கும், அதை மாற்றுவது சுலபம். ஆனால் பைத்தானின் வரிசைப்படுத்தல் சமமான இரண்டு சொற்களை வந்த வரிசையிலேயே விட்டுவைக்கும். கோ மொழியில் எல்லோரும் கை பழக்கத்தில் எழுதும் ‘சார்ட் ஸ்லைஸ்’ அந்த உத்தரவாதம் தராது, ‘ஸ்டேபிள்’ என்று பெயரில் சேர்ந்த இன்னொன்று இருக்கிறது, அதுதான் உங்களுக்கு வேண்டியது. மேப்பை (பைத்தானின் டிக்ஷனரிக்கு கோ வைத்த பெயர்) லூப்பில் ஓட்டினாலும் இதே கதை: பைத்தான் 3.7இலிருந்து டிக்ஷனரி போட்ட வரிசையில் வரும், கோ வேண்டுமென்றே வரிசையைக் கலைத்துக் கொடுக்கும்.

பைத்தானில் ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு ‘நன்’ (None) திருப்புவதும், ‘கிடைத்தது, ஆனால் காலி’ என்பதற்கு வெற்று ஸ்ட்ரிங் திருப்புவதும் வேறு வேறு. கோவின் ஸ்ட்ரிங்கில் முதலாவதைச் சொல்ல வழியில்லை. ஒவ்வொரு ஃபங்ஷனாகப் பார்த்து, யார் இந்த வேறுபாட்டை நம்பியிருக்கிறார்கள் என்று தேடி, தேவைப்படும் இடத்தில் கூடவே ஒரு ஆம்-இல்லை மதிப்பையும் திருப்புங்கள்.

இதெல்லாம் மனதில் இருக்கட்டும். இப்போது ஃபைலைத் திறந்து வரிக்கு வரி மாற்றுங்கள். ஃபங்ஷன் பெயர், வரிசை, ஏன் ஃபைல் பிரிப்பு கூட அப்படியே இருக்கட்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிய வேண்டும். கோ தெரிந்த நண்பர் பார்த்துவிட்டு ‘என்னப்பா இது, கோ மாதிரியே இல்லையே’ என்பார். சொல்லட்டும். கோ மொழியின் கம்பைலரே முதலில் சி மொழியில் இருந்ததுதான். 2015 ஆகஸ்டில் வந்த 1.5 பதிப்புக்காக அந்த சி கோடை ஒரு நிரலை வைத்து இயந்திரத்தனமாக கோவுக்கு மாற்றினார்கள். அப்படிப் பிறந்த கோட் கோ பாணியில் இல்லை, வேகமும் குறைவு, பில்ட் நேரம் இரண்டு மடங்கு வரை ஆனதை அவர்களே வெளியீட்டுக் குறிப்பில் எழுதினார்கள். அடுத்தடுத்த பதிப்புகளில் சீர்செய்துகொண்டார்கள். முதலில் விடை ஒத்துப்போகட்டும், அழகு அப்புறம்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட்டிடம் சொந்தமாக சி ஷார்ப் மொழி இருக்கிறது. ரஸ்ட் மொழி என்றால் இன்னும் வேகம் என்கிறார்கள். டைப்ஸ்கிரிப்ட்டுக்கு ஏன் கூகுளின் கோ?
— பெங்களூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: இதில் சுவாரசியம், 2025 மார்ச்சில் இந்த மாற்றத்தை அறிவித்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க்தான் சி ஷார்ப்பையும் வடிவமைத்தவர். அதற்கு முன் டர்போ பாஸ்கல். சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போகிறார் என்றால் காரணம் இருக்கும்.

அவர்கள் செய்ய நினைத்தது போர்ட், புதிதாக எழுதுவது அல்ல. பழைய கம்பைலர் கொடுக்கும் அதே எர்ரர், அதே வரிசை, அதே விநோதங்கள் புதியதிலும் வர வேண்டும், ஏனென்றால் உலகம் முழுக்க அதை நம்பிக் கோட் எழுதிவிட்டார்கள். பழைய கோடின் அமைப்பைப் பார்த்தால் கிளாஸ்கள் குறைவு, ஃபங்ஷன்களும் டேட்டாவும்தான் அதிகம். கோவும் அப்படித்தான். சி ஷார்ப் கிளாஸ்களை மையமாக வைத்த மொழி, அதற்கு மாற்றினால் அமைப்பையே திருப்ப வேண்டும். ரஸ்ட்டில் சிக்கல் வேறு: கம்பைலரின் மரத்தில் ஒவ்வொரு கணுவும் தன் குழந்தைகளைக் காட்டும், குழந்தை திரும்ப அப்பாவைக் காட்டும். இப்படி வளையம் வளையமாகப் போகும் அமைப்பை ரஸ்ட்டின் உரிமை விதிகள் சும்மா விடாது, மொத்த டேட்டா அமைப்பையும் புதிதாக யோசிக்க வேண்டும். குப்பையை, அதாவது பயன்பாடு முடிந்த நினைவகத்தை, தானே அள்ளிக்கொள்ளும் கோ மொழியில் அந்தத் தொல்லை இல்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, விஎஸ் கோட் என்ற எடிட்டரின் சுமார் 15 லட்சம் வரி கோடைச் சரிபார்க்கப் பழைய கம்பைலருக்கு 77.8 விநாடி, புதியதற்கு 7.5 விநாடி என்று அறிவிப்பில் கொடுத்திருந்தார்கள். அதில் ஏறக்குறைய பாதி, நேரடி இயந்திரக் கோடாக ஓடுவதால் வந்தது, மீதி பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓட முடிவதால் வந்தது. உங்கள் லைப்ரரிக்கும் பத்து மடங்கு என்று இதைக் காட்டி ஆபீஸில் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பிறந்த தேதி கொடுத்தால் கிழமை சொல்லும் ஒரு சின்ன பைத்தான் லைப்ரரியை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாற்றினேன். எங்கள் வீட்டில் பிள்ளைகள் எல்லோருக்கும் சரியாக வருகிறது. தாத்தாவுக்கு ‘அன்டிஃபைன்ட்’ என்று வருகிறது. ஆனால் பாட்டிக்குச் சரியாக வருகிறது! ஃபார்முலாவைப் பத்து தடவை பார்த்துவிட்டேன், ஒரு எழுத்து மாறவில்லை.
— மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: பாட்டி ஞாயிற்றுக்கிழமை பிறந்தவரா என்று பாருங்கள்.

ஃபார்முலா மாறவில்லை என்பதுதான் பிரச்சினையே. 1970 ஜனவரி 1இலிருந்து எத்தனை நாள் என்று எண்ணி, அன்றைக்கு வியாழன் என்பதால் 4 கூட்டி, 7ஆல் வகுத்து மீதி எடுத்திருப்பீர்கள், 0 ஞாயிறு, 6 சனி. 1970க்கு முந்தைய தேதிக்கு நாள் கணக்கு மைனஸில் போகும். இந்தியா சுதந்திரம் அடைந்த 1947 ஆகஸ்ட் 15ஐ எடுத்தால் -8175. நான்கு கூட்டினால் -8171. இதை 7ஆல் வகுத்த மீதி பைத்தானில் 5, அதாவது வெள்ளி, சரி. ஜாவாஸ்கிரிப்ட்டில் -2. கிழமைப் பட்டியலில் -2ஆவது இடம் என்று ஒன்று இல்லை, அதனால்தான் ‘அன்டிஃபைன்ட்’. வகுத்து மீதி இல்லாமல் போகும் ஞாயிறு மட்டும் பூஜ்யமாக வந்து தப்பித்துக்கொள்ளும் (சரியாகச் சொன்னால் மைனஸ் பூஜ்யம், பட்டியலுக்கு இரண்டும் ஒன்றுதான்). 1969இன் கடைசி நான்கு நாளில் பிறந்தவர்களும் தப்பிப்பார்கள்.

மீதிக்கு என்ன அடையாளம் என்பதில் மொழிகளுக்குள் ஒற்றுமை இல்லை. பைத்தான் வகுக்கும் எண்ணின் அடையாளத்தை எடுக்கும். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ எல்லாம் வகுபடும் எண்ணின் அடையாளத்தை எடுக்கும். மீதியோடு ஒரு முறை 7ஐக் கூட்டி மறுபடி 7ஆல் மீதி எடுங்கள், தாத்தா சரியாகிவிடுவார். போகிற போக்கில், பைத்தானின் இரட்டைச் சாய்கோடு வகுத்தலை எங்கெல்லாம் மாற்றினீர்கள் என்றும் பாருங்கள். அது எப்போதும் கீழ்நோக்கிப் போகும், -7ஐ 2ஆல் வகுத்தால் -4. தசமத்தை வெறுமனே வெட்டியிருந்தால் -3 வரும். ரவுண்ட் செய்வதிலும் இரண்டும் சேராது: 2.5ஐ பைத்தான் 2 ஆக்கும், ஜாவாஸ்கிரிப்ட் 3 ஆக்கும். பாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுகிறது.

கேள்வி: போர்ட் செய்யும்போது பழைய லைப்ரரியில் தெளிவான ஒரு பக் (தவறு) கண்ணில் பட்டது. புதியதில் சரியாக எழுதிவிடலாம் அல்லவா?
— திருச்சி வாசகர்

பதில்: கை அரிக்கும், தெரியும். இப்போது வேண்டாம். பக்கையும் அப்படியே கொண்டுவாருங்கள், பக்கத்தில் ஒரு கமென்ட் எழுதி வையுங்கள், விடைகள் எல்லாம் ஒத்துப்போன பிறகு தனியாக ஒரு மாற்றமாகத் திருத்துங்கள். இல்லாவிட்டால் விடை வேறுபடும்போது அது நீங்கள் திருத்தியதாலா, உடைத்ததாலா என்று யாருக்கும் தெரியாது.

அந்த பக்கை நம்பி வேறு யாராவது கோட் எழுதியிருக்கவும் கூடும். எக்செல்லில் 1900ஆம் ஆண்டு லீப் வருடம். நிஜத்தில் அல்ல, ஆனால் எக்செல்லில் 60 என்ற நாள் எண்ணைத் தேதியாக மாற்றினால் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு தேதி இன்றைக்கும் வரும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் நிரலில் இருந்த தவறு, அதன் ஃபைல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செல் தெரிந்தே எடுத்துக்கொண்டது. இப்போது எக்செல் ஃபைல் படிக்கும் லைப்ரரியை எந்த மொழியில் எழுதினாலும் அந்த ஒரு நாளுக்கென்று தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: பழைய கோடைப் படிப்பதைவிட, அதன் அடிப்படையான ஆய்வுக் கட்டுரையைப் படித்து நேராகப் புதிய மொழியில் எழுதுவது சுத்தமாக இருக்காதா?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: சுத்தமாக இருக்கும், விடைதான் வேறாக இருக்கும். ஆங்கிலச் சொற்களின் விகுதியை வெட்டி வேர் போன்ற வடிவத்துக்குக் கொண்டுவரும் போர்ட்டர் ஸ்டெம்மர் இதற்கு நல்ல உதாரணம். மார்ட்டின் போர்ட்டர் 1980இல் கட்டுரை வெளியிட்டார், அவர் எழுதிய மூல நிரல் பிசிபிஎல் என்ற பழைய மொழியில். கட்டுரை தெளிவானது, விதிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆளாளுக்கு அவரவர் மொழியில் எழுதிக்கொண்டார்கள். அவற்றில் பலவற்றில் நுணுக்கமான தவறுகள். கடைசியில் 2000 வாக்கில் போர்ட்டரே அதிகாரபூர்வமான நிரலை வெளியிட வேண்டியதாயிற்று, கூடவே ஒரு சொற்பட்டியலும் அதற்கு வர வேண்டிய விடைகளும்.

அவருடைய நிரலே கட்டுரையிலிருந்து மூன்று இடங்களில் விலகும், அதை அவரே பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஒன்றிரண்டு எழுத்து மட்டுமே உள்ள சொற்களை அது தொடாது, கட்டுரையில் அப்படி விதி இல்லை. இரண்டாம் கட்டத்தில் ஒரு விதி கூடுதல், இன்னொன்று மாறியிருக்கிறது. கட்டுரையை எழுத்து பிசகாமல் பின்பற்றியவருக்கு இந்த இடங்களில் விடை பொருந்தாது.

இதற்குப் பிறகு அவர் போன வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டெம்மர் எழுதுவதற்கென்றே ஸ்னோபால் என்று ஒரு குட்டி மொழியை உருவாக்கினார். விதிகளை அதில் ஒரே தடவை எழுதினால் சி, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் என்று பல மொழிகளில் கோட் தானாக உருவாகும். யாரும் கையால் போர்ட் செய்ய வேண்டியதில்லை. தமிழுக்கும் அதில் ஒரு ஸ்டெம்மர் இருக்கிறது, கோவை வாசகர் கவனிக்க.

கேள்வி: ஒரு ஜிபிஎல் (மாற்றி வெளியிடுவதையும் அதே லைசென்ஸில் வெளியிடச் சொல்லும் லைசென்ஸ்) லைப்ரரியைப் பார்த்து வேறு மொழியில் எழுதியிருக்கிறேன். ஒரு வரிகூட காப்பி அடிக்கவில்லை, மொழியே வேறு. என் இஷ்டப்படி லைசென்ஸ் போடலாமா?
— சென்னை வாசகர்

பதில்: பார்த்து எழுதினேன் என்கிறீர்களே, அங்கேயே முடிந்தது. மூலத்தை வரிக்கு வரி பார்த்து வேறு மொழியில் எழுதினால் அது மூலத்தின் வழிப்படைப்பு என்றுதான் பொதுவாகக் கொள்வார்கள், மூலத்தின் லைசென்ஸ் கூடவே வரும். மொசில்லா உலாவியில் ஒரு பக்கம் எந்த என்கோடிங்கில் இருக்கிறது என்று ஊகிக்கும் சி++ கோட் இருந்தது. அதை பைத்தானுக்கு மாற்றி ‘சார்டெட்’ என்று வெளியிட்டபோது, ஜிபிஎல்லின் சற்றுத் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் லைசென்ஸிலேயே வெளியிட்டார்கள்.

கூகுள்-ஆரக்கிள் வழக்கைச் சிலர் காட்டுவார்கள். அது வேறு விவகாரம். ஜாவாவின் 37 பேக்கேஜ்களில் ஃபங்ஷன் பெயர்களும் அறிவிப்புகளுமான சுமார் 11,500 வரிகளை ஆண்ட்ராய்டில் எடுத்துக்கொண்டது நியாயமான பயன்பாடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் 6-2 என்று தீர்ப்பளித்தது. உள்ளே இருக்கும் கோடை கூகுள் தானே எழுதியிருந்தது. நீங்கள் மாற்றியது உள்ளே இருப்பதை. காசு புழங்கும் இடம் என்றால் வக்கீலைக் கேளுங்கள், அல்லது மூல ஆசிரியருக்கு ஒரு மெயில் போடுங்கள், பல பேர் பெருந்தன்மையாகவே பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? பழைய லைப்ரரியைப் புதிய மொழியிலிருந்து கூப்பிட்டால் போதாதா?
— மதுரை வாசகர்

பதில்: பல நேரம் போதும். போர்ட் செய்யச் சொல்லும் ஆளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பைத்தானில் ‘நம்பை’ (NumPy) என்ற கணித லைப்ரரியை வைத்துச் சமன்பாடுகளைத் தீர்க்கிறீர்களே, உள்ளே வேலை செய்வது 1992இல் ஃபோர்ட்ரான் மொழியில் வந்த லாபேக் என்ற கணித லைப்ரரியின் ரொட்டீன்கள். அதற்கு முந்தைய ஐஸ்பேக்கே 1970களில் ஆல்கால் மொழியிலிருந்து ஃபோர்ட்ரானுக்கு மாற்றப்பட்டதுதான். ஃபோர்ட்ரானை சி-யாக மாற்றும் நிரல் வந்த பிறகு லாபேக்குக்கும் இயந்திரம் மாற்றிய ஒரு சி வடிவம் வந்தது. அந்தக் கணக்குகளைப் புதிதாக எழுதிப் பார்க்கும் தைரியம் அதிகம் பேருக்கு இல்லை, அது புத்திசாலித்தனமும்கூட.

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியைப் பாருங்கள். 2023 மே மாதப் பதிப்பில் சுமார் 1,55,800 வரி சி கோட். அதைச் சோதிக்கும் கோட் அதைப் போல 590 மடங்கு. அதைப் போர்ட் செய்தால் அந்த 590 மடங்கையும் யார் தருவார்கள்? அதனால்தான் பெரும்பாலான மொழிகள் அதை அப்படியே கூப்பிட்டுக்கொள்கின்றன.

மாற்றியே ஆக வேண்டும், ஆனால் ஒரே நாளில் முடியாது என்றால் நடுவழி ஒன்று உண்டு. லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோமில் எஸ்விஜி படங்களை வரையும் லைப்ரரியை ஃபெடரிகோ மேனா கின்டெரோ 2016இலிருந்து சி-யிலிருந்து ரஸ்ட்டுக்குத் துண்டு துண்டாக மாற்றினார். உள்ளே ஒவ்வொரு ஃபங்ஷனாக மாறிக்கொண்டிருந்தது, வெளியே தெரியும் சி இடைமுகம் அப்படியே இருந்தது, அதைப் பயன்படுத்தும் நிரல்கள் எதையும் மாற்றி எழுத வேண்டியிருக்கவில்லை. சி-யும் ரஸ்ட்டும் ஒன்றையொன்று சுலபமாகக் கூப்பிட முடிவதால் இது நடந்தது. பைத்தானிலிருந்து கோவுக்கு இப்படிப் பாதிப் பாதியாகப் போவது அவ்வளவு சுகமாக இருக்காது.

கேள்வி: ஏஐ-யிடம் மொத்தத்தையும் கொடுத்தால் ஒரு சாயங்காலத்தில் முடித்துக் கொடுத்துவிடும் என்கிறான் என் நண்பன்.
— சேலம் வாசகர்

பதில்: கோடை மாற்றிக் கொடுத்துவிடும், மறுக்கவில்லை. இந்த மாதிரி கைவேலைக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் மேலே சொன்ன ‘த’வும், -2உம், வரிசை கலையும் மேப்பும் எல்லாமே கம்பைல் ஆகிற, படித்தால் சரியாகத் தெரிகிற கோட். யார் எழுதினாலும் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. விடைகளைப் பதிவு செய்து வைத்திருந்தால் தைரியமாகக் கொடுங்கள், ஒவ்வொரு ஃபங்ஷனாகக் கொடுங்கள், ஓட்டிப் பாருங்கள். விநோதமாகத் தெரியும் வரிகளைத் தானாகவே ‘சரிசெய்து’ கொடுக்கும் பழக்கமும் அதற்கு உண்டு, அந்த இடங்களை மட்டும் நீங்களே உட்கார்ந்து ஒப்பிடுங்கள். டெஸ்ட்டையும் அதையே எழுதச் சொல்லி, பதிவு செய்த விடைகள் இல்லாமல் பாஸ் ஆகிவிட்டது என்று காட்டினால் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: எல்லாம் சரி சார், எத்தனை நாள் ஆகும் என்று மேனேஜர் கேட்கிறார். என்ன சொல்வது?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: வரிகளை எண்ணிச் சொல்லாதீர்கள். பழைய லைப்ரரி வேறு எந்தெந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள், அவற்றில் எதற்குப் புதிய மொழியில் ஜோடி இல்லையோ அதுவும் உங்கள் தலையில்தான். பிறகு நடுத்தர அளவில் ஒரு ஃபைலை எடுத்து, விடைகளைப் பதிவு செய்வதிலிருந்து எல்லாம் ஒத்துப்போகும் வரை முழுதாக முடித்துப் பாருங்கள். அதற்கு ஆன நேரத்தை மற்ற ஃபைல்களுக்குப் பெருக்கி, பழையதையும் புதியதையும் சர்வரில் சேர்த்து ஓட்டி விடைகளை ஒப்பிட இரண்டு வாரம் தனியாகக் கேளுங்கள். அந்த இரண்டு வாரத்தைத்தான் முதலில் வெட்டப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.